டெசலேஷன்: பாவும் வடிவங்களும் பாவாத ஐங்கோணமும்

அட்டையில் ஒரே வடிவத்தை இருபது முப்பது முறை வெட்டி எடுத்து, மேசை மேல் நெருக்கி நெருக்கி அடுக்குவது தொடக்க வகுப்பு வடிவியலில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த செய்முறை. இந்த வேலைக்கு டெசலேஷன் என்று பெயர். பெயரைக் கேட்டதும் பெரிய விஷயம் போலத் தோன்றும், ஆனால் விதிகள் கொஞ்சம்தான். துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கக் கூடாது. ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. இப்படியே எல்லாத் திசையிலும் முடிவில்லாமல் தொடர முடிய வேண்டும்.

மூன்றாவது விதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். படப்புதிர்த் துண்டுகளும் இடைவெளி இல்லாமல்தான் பொருந்துகின்றன. ஆனால் சட்டத்தின் விளிம்போடு அவற்றின் கதை முடிந்துவிடும். மொசைக்கும் வேறுதான். அதில் கோணல்மாணலான சில்லுகளைப் பதித்து, இடுக்கைச் சாந்தால் அடைத்துவிடலாம். டெசலேஷனில் சாந்துக்கு வேலை இல்லை, கோணங்களே கணக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

சொல் எங்கிருந்து வந்தது? ரோமானியர்கள் தரையில் படம் பதிக்கச் சிறு சிறு கனசதுரக் கற்களைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கல்லுக்கு இலத்தீனில் டெசரா என்று பெயர். பகடைக் காயையும் அதே சொல்லால் குறித்தார்கள். டெசராவின் குட்டி வடிவம் டெசெல்லா. அதிலிருந்து பிறந்ததுதான் டெசலேஷன். டெசராவுக்கும் பின்னால் போனால் 'நான்கு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் நிற்கிறது, கல்லின் நான்கு மூலைகளை நினைத்து வைத்த பெயர். ஆக, தேன்கூட்டின் அறுகோண அறைகளைக் காட்டி நாம் டெசலேஷன் என்று சொல்லும்போது, சொல்லின் அடியில் நாற்கோணக் கல் ஒன்று சத்தமில்லாமல் கிடக்கிறது.

தமிழில் இதற்குத் தரைபாவுமை என்ற சொல் உண்டு. முதல் தடவை படிக்கும்போது இது கலைச்சொல்லுக்காகவே செய்த சொல் மாதிரி இருக்கும். ஆனால் இதன் நடுவில் இருக்கும் 'பாவு' நன்றாகப் புழங்கிய வினைச்சொல். கல் பாவிய தரை என்கிறோம். நாற்றங்காலில் விதையை நெருக்கமாகப் பரப்புவதும் பாவுவதுதான். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூலுக்குப் பாவு என்று பெயர். மகிழ்ச்சியில் மிதப்பவருக்குக் 'கால் தரையில் பாவவில்லை' என்று சொல்வோமே, அங்கே பாவுதல் என்றால் இடைவெளி இல்லாமல் படிந்து நிற்பது. பரவுவது, நெருங்குவது, படிவது என்று டெசலேஷனுக்கு வேண்டிய குணம் எல்லாம் இந்த ஒரு வினையிலேயே இருக்கிறது.

இலத்தீன் சொல் துண்டைப் பார்க்கிறது, தமிழ்ச் சொல் செயலைப் பார்க்கிறது. வகுப்பறையில் எனக்கு இரண்டாவதுதான் உதவும் என்று தோன்றுகிறது. தரைபாவுமை என்ற பெயர்ச்சொல் பாடத் தலைப்புக்குச் சரி. பிள்ளைகளிடம் பேசும்போது வினையாகவே சொல்லிவிடலாம். 'அறுகோணம் பாவும், ஐங்கோணம் பாவாது.' நான்கே சொல்லில் ஒரு தேற்றம்! எச்சமாகச் சொல்ல வரும்போது மட்டும் 'பாவி' என்று வந்து நிற்கும், வகுப்பு சிரிக்கும். 'பாவிய' என்று மாற்றிக்கொண்டால் தப்பிக்கலாம்.

ஐங்கோணம் ஏன் பாவாது என்பதை விளக்கத் தொடங்குவதற்கு முன், பிள்ளைகளையே அடுக்கிப் பார்க்க விடவேண்டும். ஒழுங்கு ஐங்கோணத்தின், அதாவது பக்கங்களும் கோணங்களும் சமமான ஐங்கோணத்தின், ஒவ்வொரு கோணமும் 108 பாகை. ஒரு புள்ளியைச் சுற்றி மூன்றை வைத்தால் 324 ஆகும். மீதி 36 பாகை வாயைத் திறந்துகொண்டு நிற்கும், அதில் நான்காவது ஐங்கோணம் நுழையாது. பிள்ளைகள் திருப்பிப் போடுவார்கள், அழுத்திப் பார்ப்பார்கள், 'சரியாக வெட்டவில்லை' என்று பக்கத்தில் இருப்பவரோடு சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை நடக்கட்டும். 360 என்ற எண் எதற்கு என்பது அப்புறம்தான் புரியும். சமபக்க முக்கோணத்தில் ஆறு, சதுரத்தில் நான்கு, அறுகோணத்தில் மூன்று சேர்ந்தால் 360 நிறைகிறது. ஆறு பக்கத்துக்கு மேல் போனால் மூன்றை வைக்கவே இடம் போதாது. எனவே ஒழுங்கு பலகோணங்களில் தனியாகப் பாவுபவை இந்த மூன்று மட்டுமே. எண்கோணத்துக்குச் சதுரத்தின் துணை தேவை. இப்படி எல்லா முனையும் ஒரே மாதிரி அமையும்படி ஒழுங்கு பலகோணங்களைப் பாவ மொத்தம் 11 வழிகள் உள்ளன. வானியலாளர் கெப்ளர் 1619 இல் வெளியிட்ட நூலில் இவற்றை ஆராய்ந்திருக்கிறார்.

இந்தப் பாடத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் நாற்கரம். சதுரமோ சாய்சதுரமோ அல்ல, எந்த ஒழுங்கும் இல்லாத, நான்கு பக்கமும் வேறுவேறான நாற்கரம். அதுவும் பாவும் என்றால் முதலில் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு நாற்கரத்தை வரைந்து, தாள்களை அடுக்கி வைத்துப் ஒரே மாதிரியான பன்னிரண்டு பிரதிகளாக வெட்டச் சொல்லுங்கள். தாளை மடித்து வெட்டக் கூடாது. மடித்தால் பாதித் துண்டுகள் கவிழ்ந்து வரும், பிறகு எது முன்பக்கம் என்று தெரியாமல் குழம்பும். ஒவ்வொரு துண்டிலும் நான்கு மூலைகளுக்கும் நான்கு நிறம், எல்லாத் துண்டிலும் அதே வரிசையில். இனி ஒரு துண்டின் பக்கத்தை இன்னொரு துண்டின் அதே பக்கத்தோடு, அரைச்சுற்று திருப்பி ஒட்டவைக்க வேண்டும். அடுக்கி முடித்ததும் எந்தப் புள்ளியைப் பார்த்தாலும் நான்கு நிறமும் ஒருமுறை சந்தித்திருக்கும். நாற்கரத்தின் கோணங்களின் கூடுதல் 360 என்பதை இதைவிடத் தெளிவாகக் கரும்பலகையில் காட்ட முடியாது. உள்ளே குழிந்த நாற்கரமும் இப்படியே பாவும், அதையும் ஒரு குழுவுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்தது கத்தரிக்கோல் வேலை. 6 செ.மீ. சதுர அட்டையின் இடப்பக்கத்தில், மூலைகளைத் தொடாமல், வளைவாக ஒரு துண்டை வெட்டி, அதைத் திருப்பாமல் நேரே நகர்த்தி வலப்பக்க விளிம்பில் அதே உயரத்தில் ஒட்ட வேண்டும். மேலே ஒன்று வெட்டிக் கீழே ஒட்டலாம். வருவது மீனோ பறவையோ, பெயர் தெரியாத ஜந்துவோ, எதுவானாலும் அது பாவும். பலர் ஒட்டும்போது துண்டைக் கவிழ்த்துவிடுவார்கள், வடிவம் பொருந்தாது. நகர்த்துவதும் கவிழ்ப்பதும் வேறுவேறு என்பது அங்கே கைக்குத் தெரிந்துவிடும். பரப்பளவு எவ்வளவு என்று கேட்டால் இன்னும் நல்லது. மீனின் பரப்பும் அதே 36 சதுர செ.மீ.தான்!

ஒழுங்கு ஐங்கோணம் பாவாது என்று சொன்னேன். ஒழுங்கற்ற ஐங்கோணங்களில் சில பாவும். பள்ளிப்படிப்போடு நின்ற மார்ஜரி ரைஸ் என்ற அமெரிக்க இல்லத்தரசி, 1975 இல் ஓர் அறிவியல் இதழில் இதைப் பற்றிப் படித்துவிட்டு, தானே ஒரு குறியீட்டு முறையை வகுத்துக்கொண்டு நான்கு புதிய வகைகளைக் கண்டுபிடித்தார். குவிந்த, அதாவது உள்ளே குழியாத, ஐங்கோணங்களில் பாவுபவை 15 வகை என்பது இன்றைய கணக்கு. 2023 இல் டேவிட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் ஒரு 13 பக்க வடிவத்தோடு வந்தார். அது தளம் முழுவதும் பாவும், ஆனால் அமைப்பு ஒருபோதும் திரும்பத் திரும்ப வராது. அவரும் கணிதப் பேராசிரியர் அல்ல. வடிவத்தின் பிரதிகளை அட்டையில் வெட்டி மேசையில் அடுக்கிப் பார்த்தவர்தான்.

கடைசியாகத் 'தரை' என்ற முன்னொட்டு. அது அலங்காரத்துக்கு வந்ததல்ல. ஒரே பக்க அளவுள்ள ஓர் ஐங்கோணத்தைச் சுற்றி ஐந்து அறுகோணங்களை வைத்து ஒட்டுங்கள். ஒரு முனையில் 108, 120, 120 சேர்ந்தால் 348 பாகை, 12 குறைகிறது. அந்தக் குறையை மூடி நாடா ஒட்டியதும் அட்டை தட்டையாக இருக்க மறுத்துக் கிண்ணம் போல மேலே எழும்பும். 12 ஐங்கோணம், 20 அறுகோணம் வரை தொடர்ந்து ஒட்டினால் கையில் ஒரு கால்பந்து இருக்கும்.