கப்பல் தளத்தில் எரிகல் மழை: இருட்டு கண்ணுக்குள் ஊற வேண்டும்

2026 ஆகஸ்ட் 12 அன்று முழுச் சூரிய கிரகணம். நிலவின் நிழல் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து வழியாக வந்து, ஸ்பெயினைக் கடந்து, மேற்கு மத்தியதரைக் கடலில் சூரியன் மறையும் தறுவாயில் முடிகிறது. அதைப் பார்க்க உல்லாசக் கப்பலில் இடம் பிடிப்பவர்களுக்கு இன்னொரு கேள்வியும் எழும்: "அன்று இரவே பெர்சீட் எரிகல் மழையும் உச்சத்துக்கு வருகிறதாமே, கப்பலிலிருந்து அதுவும் தெரியுமா?"

தெரியும். சூரிய கிரகணம் என்றாலே அமாவாசைதான், நிலா வெளிச்சம் குறுக்கே வராது. நடுக்கடலில் தெருவிளக்கு கிடையாது, மலையோ மரமோ மறைப்பதும் கிடையாது. ஆனால் நாம் நிற்கும் கப்பல் விடிய விடிய விளக்கெரியும் ஒரு சிறு நகரம். கிடைக்கப் போவது மணிக்கு 80 எரிகற்களா, பத்தா என்பதை வானத்தைவிட அந்த விளக்குகளும் நம் விழித்திரையும்தான் தீர்மானிக்கும்.

எந்தக் கடல் என்பதும் முக்கியம். ஐஸ்லாந்தை ஒட்டி 64 பாகை வடக்கில் இருக்கும் கப்பலுக்கு அன்று நள்ளிரவில்கூட சூரியன் தொடுவானத்துக்குக் கீழே சுமார் 11 பாகைதான் இறங்கும். முழு இருட்டுக்கு 18 பாகை இறங்க வேண்டும். அங்கே கிரகணம் கிடைக்கும், கரிய வானம் கிடைக்காது. ஸ்பெயினுக்குக் கிழக்கே 39 பாகை வடக்கில் இருக்கும் கப்பலுக்கு இரண்டுமே கிடைக்கும்.

கிரகணமும் எரிகல் மழையும் ஒரே நாளில் வருகின்றன என்றதும் கெட்ட சகுனம் என்று செய்தி பரப்ப ஆட்கள் கிளம்புவார்கள். நம்ப வேண்டாம். பெர்சீட் ஆண்டுதோறும் இதே நாட்களில்தான் வருகிறது. அமாவாசை 19 ஆண்டுக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே தேதிக்குத் திரும்புகிறது. 19 ஆண்டு கழித்து, 2045 ஆகஸ்ட் 12-இலும் முழுக் கிரகணம் வரும். இதில் இருப்பது பஞ்சாங்கக் கணக்கு மட்டுமே. அந்தக் கணக்கைக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினால் பயம் தானாகப் போய்விடும்.

அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1862-இல் கண்டறியப்பட்ட ஸ்விஃப்ட்-டட்டில் வால்மீன் சுமார் 133 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வருகிறது. அது வழியில் உதிர்த்த தூசிக்குள் ஒவ்வோர் ஆகஸ்டிலும் பூமி புகுகிறது. தூசியின் வேகம் வினாடிக்கு 59 கிலோமீட்டர். ஒரு கிராம் துணுக்குக்கு அந்த வேகத்தில் சுமார் 17 லட்சம் ஜூல் ஆற்றல் இருக்கும், ஏறக்குறைய 400 கிராம் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். தரையிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் உயரத்தில் ஒளிரத் தொடங்கி, 80 கிலோமீட்டருக்குள் பெரும்பாலானவை தீர்ந்துவிடும். 1799 நவம்பர் 12 அதிகாலையில் அமெரிக்க நில அளவையாளர் ஆண்ட்ரூ எலிகாட், ஃபுளோரிடா தீவுகளை ஒட்டிச் சென்ற கப்பலிலிருந்து லியோனிட் எரிகல் மழையைப் பார்த்தார். ஏதாவது ஒன்று கப்பல் மேலேயே விழுந்துவிடும் என்று ஒவ்வொரு கணமும் எதிர்பார்த்ததாகக் குறிப்பு எழுதி வைத்தார். கண்ணுக்கு அத்தனை அருகில் தெரியும். உண்மையில் நேர் மேலே தெரிவதுகூட நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

இனி எண்ணிக்கை. பெர்சீட் உச்சத்தில் "மணிக்கு 100" என்று செய்திகளில் வரும். எரிகற்கள் கிளம்புவதாகத் தோன்றும் புள்ளி, அதாவது ரேடியன்ட், நேர் உச்சியில் இருந்து, 6.5 ஒளிப்பொலிவு வரை மங்கிய நட்சத்திரங்கள் (இந்த அளவில் எண் கூடக் கூட மங்கல்) கண்ணுக்குத் தெரிந்தால் வரும் எண் அது. ரேடியன்ட் தாழ இருந்தால் அதன் உயரக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். மத்தியதரைக் கடலில் இருட்டத் தொடங்கும்போது அது வடகிழக்கில் சுமார் 15 பாகையில் இருக்கும்: 100 பெருக்கல் 0.26, அதாவது 26. விடியலுக்குச் சற்று முன் 60 பாகைக்கு அருகில் ஏறிவிடும்: 87. இது மாசற்ற கண்ணுக்கு. தெரியும் நட்சத்திரங்களின் எல்லை ஓர் அலகு குறைந்தால் எண்ணிக்கை 2.2-ஆல் வகுபடும். நீச்சல்குளத் தளத்தில் விளக்கடியில் நின்று 4-ஆம் பொலிவு நட்சத்திரம் வரைதான் தெரிகிறது என்றால், அந்த 87 வெறும் 12 ஆகிவிடும். வானம் அதேதான், கப்பலும் அதேதான்.

அந்த 75 எரிகற்கள் எங்கே தொலைந்தன? விழித்திரைக்குள். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் இதைப் போன்ற அழகான பொறி இயற்கையில் அரிது.

விளக்கை அணைத்ததும் கண்பாப்பா சில வினாடிகளில் 2 மில்லிமீட்டரிலிருந்து 7 மில்லிமீட்டர் வரை விரிகிறது. கண்ணின் இருட்டுப் பழக்கம் இவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். இதனால் உள்ளே வரும் ஒளி 12 மடங்குதான் கூடும். மீதி அத்தனையும் வேதியியல். இரவுப் பார்வைக்கான கோல் செல் ஒவ்வொன்றிலும் சுமார் 10 கோடி ரோடாப்சின் மூலக்கூறுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ரோடாப்சின் என்பது ஆப்சின் என்ற புரதத்தின் மடியில், வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ரெட்டினல் என்ற சிறு மூலக்கூறு வளைந்து உட்கார்ந்திருக்கும் அமைப்பு. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வருவது இதனால்தான். ஒரே ஒரு ஒளித்துகள் பட்டால் போதும், வளைந்திருந்த ரெட்டினல் நிமிர்ந்துவிடும். ஒரு வினாடியைக் கோடி கோடியாகப் பிரித்தால் வரும் துணுக்குகளில் இருபது போதும் அதற்கு. அது நிமிர்ந்ததும் ஆப்சினின் வடிவம் மாறுகிறது. அது அடுத்தடுத்த புரதங்களை உசுப்பி, செல்லுக்குள் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டத்தைக் குறைக்கிறது. இருட்டில் ஓடும் மின்சாரத்தை ஒளி வந்து அணைக்கிறது. நாம் 'பார்ப்பது' அந்த அணைப்பைத்தான்.

நிமிர்ந்த ரெட்டினல் அங்கேயே மறுபடி வளைய முடியாது. ஆப்சினை விட்டு விலகி, கோல் செல்லை விட்டே வெளியேறி, பின்னாலுள்ள நிறமிப் படலத்துக்குப் போய், அங்கே ஒரு நொதியால் வளைக்கப்பட்டுத் திரும்பி வர வேண்டும். பழகுவதற்கு 30 நிமிடம் ஆகும் என்கிறோமே, அது இந்தப் போக்குவரத்தின் நேரம். பகல் பார்வைக்கான கூம்பு செல்களுக்கு இன்னொரு வேகமான வழியும் உண்டு. அவை 10 நிமிடத்தில் தயாராகிவிடும். பத்தாவது நிமிடத்தில் "கண் பழகிவிட்டது, ஆனாலும் ஒன்றும் காணோம்" என்று எழுந்து போகிறவர்கள் கூம்பு செல்களை மட்டும் நம்பிப் போகிறார்கள்.

இதற்கு மேல் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு பளிச் வெளிச்சத்தில் ரோடாப்சினில் சில சதவீதம் மட்டும் நிமிர்ந்தால், பார்வையும் சில சதவீதம்தானே குறைய வேண்டும்? அப்படி நடப்பதில்லை. பல மடங்கு குறைகிறது. ரெட்டினலை இழந்து வெறுமனே நிற்கும் ஆப்சின் சும்மா இருப்பதில்லை, வெளிச்சம் இன்னும் எரிகிறது என்பது போல மெல்லிய பொய்ச் சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஆகவே கைபேசியில் மணி பார்த்துவிட்டு நிமிர்பவரின் கண்ணுக்குள், திரை அணைந்த பின்னும் ஒரு மங்கல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஒவ்வோர் ஆப்சினும் தன் ரெட்டினலைத் திரும்பப் பெறும் வரை அது முழுதாக அணையாது.

முழுதும் பழகிய கண்ணால் எவ்வளவு முடியும் என்பதை 1942-இல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் மூவரும் அளந்து வெளியிட்டார்கள். பங்கேற்றவரை அரை மணி நேரத்துக்கு மேல் இருட்டில் உட்கார வைத்தார்கள். நேர்ப்பார்வைக்கு 20 பாகை விலகி, ஆயிரத்தில் ஒரு வினாடி மட்டும், 510 நானோமீட்டர் பச்சை ஒளியை மினுக்கினார்கள். கோல் செல்கள் 5 முதல் 14 ஒளித்துகள்களை ஏற்றாலே போதும், "தெரிகிறது" என்றார்கள். எரிகல் பார்ப்பவருக்கும் இதே செய்முறைதான். அரை மணி இருட்டு. சிவப்பைத் தவிர வேறு விளக்கு கூடாது, ஏனென்றால் 620 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை ரோடாப்சின் மிகக் குறைவாகவே உறிஞ்சும். அந்தச் சிவப்பும் மங்கலாக இருக்கட்டும். பார்வையின் நடுப்பள்ளத்தில் கோல் செல்களே கிடையாது, 15 முதல் 20 பாகை தள்ளித்தான் அவை நெருக்கமாக உள்ளன. எனவே ஒரே நட்சத்திரத்தை வெறிக்காமல் பார்வையைத் தளர்வாக விட வேண்டும். கடைக்கண்ணில்தான் மங்கலான எரிகற்கள் சிக்கும்.

இதைக் கப்பலில் எப்படிச் சாதிப்பது? வேலை பகலிலேயே தொடங்குகிறது. பல மணி நேரம் கடல் வெயிலில் கூசக் கூச நின்ற கண் அன்றிரவு தாமதமாகவே இருட்டுக்குப் பழகும். கிரகணத்துக்குக் காத்திருக்கும் பகலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இது கடல் கூசுவதற்கு மட்டும். சூரியனைப் பார்க்க அதற்குரிய கிரகணக் கண்ணாடிதான். அறையிலிருந்து தளத்துக்கு வரும் நடைபாதையும் படிக்கட்டும் பளிச்சென்று இருக்கும். இரு கண்களும் தனித்தனியாகப் பழகுபவை என்பதால், அறையிலேயே அரை மணி இருட்டில் இருந்துவிட்டு, ஒரு கண்ணைத் துணியால் நன்றாக மூடிக்கொண்டு நடந்தால் அந்தக் கண்ணாவது தயாராக வந்து சேரும்.

இடம். கப்பலில் மிக இருண்ட பகுதி அணியம், அதாவது முன்முனை. மாலுமிகள் கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜ் இரவில் விளக்கணைத்தே இருக்கும், முன்பக்க அறைகளின் திரைகளையும் மூடச் சொல்வார்கள். கண்காணிப்பில் இருப்பவருக்கும் அதே ரோடாப்சின்தானே. பிரிட்ஜுக்குக் கீழே பயணிகளுக்குத் திறந்த தளம் இருந்தால் அதுவே முதல் தேர்வு. சில கப்பல்களில் இரவில் அதைப் பூட்டிவிடுவார்கள். அங்கே டார்ச்சோ ஃபிளாஷோ ஒருபோதும் கூடாது. அது படம் கெடும் விஷயமல்ல, கப்பலின் பாதுகாப்பு. இன்னொரு சிக்கல் காற்று. 20 நாட் வேகத்தில் போகும் கப்பலுக்கு எதிரே 10 நாட் காற்று வீசினால், முகத்தில் அடிப்பது 30 நாட், மணிக்கு 55 கிலோமீட்டர். கண் கலங்கிய பின் எரிகல் ஏது? தடுப்புச் சுவருக்குப் பின்னால் தாழப் படுத்துக்கொள்ள வேண்டும்.

பின்பக்கத் தளங்களில் காற்று குறைவு. ஆனால் புகைபோக்கியின் புகை அங்கே இறங்கலாம், உந்துசக்கரத்தின் அதிர்வும் உண்டு. புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் இடம் பிடிக்கவும். பாய்மரத்து வெள்ளை விளக்கு கடல் விதிப்படி கட்டாயம், அணைக்க மாட்டார்கள். ஆனால் அது முன்னும் பக்கவாட்டிலுமாக 225 பாகைக்குள்தான் வீசும். அதற்குப் பின்னால் உள்ள 135 பாகையில் இருந்தால் அது கண்ணில் படாது. புகைபோக்கியின் சின்னத்தை ஒளிரவைக்கும் விளக்கு வெறும் அலங்காரம். அதையும் ஒரு மேல்தளத்தின் விளக்குகளையும் சில மணி நேரம் அணைக்க முடியுமா என்று முந்தைய நாளே வரவேற்பு மேசையில் கேட்டு வையுங்கள். பலர் சேர்ந்து கேட்டால் பலன் அதிகம். இருட்டுத் தளத்தில் தடுக்கி விழுபவர்களைப் பற்றிய கவலை அவர்களுக்கு இருக்கும், அதனால் அன்றிரவு சொன்னால் நடக்காது. அறையின் பால்கனி கடைசித் தேர்வு. மேல்மாடியின் அடிப்பாகம் உச்சிவானத்தை மறைத்துவிடும், பக்கத்து அறை விளக்கு நம் கையில் இல்லை.

எங்கே பார்ப்பது? கடலில் தொடுவானம் முழுதும் திறந்திருப்பதால் தாழப் பார்க்கத் தோன்றும். அங்கே ஏமாற்றம்தான். தொடுவானத்தை ஒட்டித் தெரியும் எரிகல் சுமார் 1,100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். உச்சியில் தெரிவதைவிட 100 மடங்குக்கும் மேல் மங்கல், கீழ்க்காற்றிலுள்ள உப்புத் துகள்கள் தின்பது போக. 50, 60 பாகை உயரமே சரியான இடம். ஒரே விதிவிலக்கு முன்னிரவு. ரேடியன்ட் தாழ இருக்கும்போது சில எரிகற்கள் காற்று மண்டலத்தின் மேற்பரப்பைச் சீவிக்கொண்டு பாதி வானத்துக்கு நீளக் கோடு போடும். எண்ணிக்கை சொற்பம், ஆனால் நிலத்தில் மரங்களும் கட்டடங்களும் மறைத்துவிடும் அந்தக் கோட்டின் தொடக்கம் கடலில் முழுதாகக் கிடைக்கும். எண்ணிக்கை வேண்டும் என்பவர்கள் நள்ளிரவுக்கு மேல் வந்து விடியல் வெளுக்கும் வரை இருக்க வேண்டும்.

படம் எடுப்பவர்கள் கப்பல் ஆடுகிறதே என்று கைவிட வேண்டாம். இருபது வினாடிக்கு ஒருமுறை இருபுறமும் ஒரு பாகை மட்டும் சாய்ந்தாலே, 14 மில்லிமீட்டர் லென்ஸில் நட்சத்திரம் வினாடிக்குப் பத்து பிக்சலுக்கு மேல் நகரும். தரையில் வைக்கும் 20 வினாடி எக்ஸ்போஷர் இங்கே கோணல் புழுக்களைத்தான் தரும். ஆனால் எரிகல் ஒரு பிக்சலைக் கடப்பது கணத்துக்கும் குறைவான நேரம். எக்ஸ்போஷரை நீட்டினால் பின்னணி வானம்தான் வெளுக்கும், எரிகல் கூடுதலாகப் பளிச்சிடாது. ஆகவே எஃப்/1.8, ஐஎஸ்ஓ 6400, ஒன்று முதல் இரண்டு வினாடி, இடைவெளியில்லாத தொடர் படங்கள். முக்காலியைத் தாழ்த்தி, காலடியில் மடித்த துண்டு வைத்தால் அதிர்வு அடங்கும். அரை மணிக்கு ஒருமுறை லென்ஸில் படியும் உப்பு ஈரத்தைத் துடைக்க வேண்டும்.

எரிகல் ஆய்வின் கேமரா வலையமைப்புகள் நிலத்தில்தான் இருக்கின்றன, பூமிப் பரப்பில் 70 சதவீதம் கடல். வானிலை அளவீட்டுக்குத் தன்னார்வக் கப்பல்களை உலக வானிலை அமைப்பு நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறது. அதே கப்பல்களில் ஆளுக்கொரு கேமரா பொருத்தப் பணம் ஒதுக்கினால் என்ன? கப்பல் ஆடினால் ஆடட்டும், ஒவ்வொரு படத்திலும் உள்ள நட்சத்திரங்களை வைத்தே கணினி திசையைத் திருத்திவிடும். பெரிய தொலைநோக்கிகளுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறை.

அதுவரை கண் எண்ணிக்கைக்கும் மதிப்பு உண்டு, சர்வதேச எரிகல் அமைப்பு அதை வாங்கிச் சேர்க்கிறது. கப்பல் கடிகாரத்தை இரவோடு இரவாக மாற்றிவிடுவார்கள் என்பதால் நேரத்தை உலகப் பொது நேரத்தில் குறியுங்கள். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அறைத் தொலைக்காட்சியில் ஓடும் அட்சரேகை, தீர்க்கரேகை, தெரிந்த மிக மங்கலான நட்சத்திரத்தின் பொலிவு, வானத்தில் எத்தனை சதவீதம் கப்பலும் மேகமும் மறைத்தன என்பதையும் எழுதுங்கள். பென்சிலும் அட்டையும் போதும். எரிகல் தெரிந்ததும் தலையைக் குனியாமல் ஒரு கோடு, பெர்சீட் இல்லாத திசையிலிருந்து வந்தால் ஒரு வட்டம்.