பிடிஎஃப் இருக்கா?

புதுப் புத்தகத்தின் அட்டையை முகநூலில் போட்ட கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். சிறிய பதிப்பகம் நடத்தும் எனக்குப் பழகிப்போன கேள்விதான். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

போன ஆண்டு ஒரு சிறுகதைத் தொகுப்பு வெளியிட்டோம். எழுதியவருக்கு அதுதான் முதல் புத்தகம். 300 பிரதிகள், விலை 250 ரூபாய். இரண்டே மாதத்தில் இணையக் குழு ஒன்றில் முழுப் புத்தகமும் வந்துவிட்டது. கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்திருந்தார்கள். சில பக்கங்களின் ஓரத்தில் கட்டைவிரல்கூடத் தெரிந்தது. "பிடிஎஃப்பில் ஒரே மூச்சில் படித்தேன், அற்புதம். நண்பர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன்" என்று ஒருவர் எழுத்தாளருக்கே செய்தி அனுப்பியிருந்தார். அவர் மனதாரப் பாராட்டியிருக்கிறார். தப்பு செய்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பதிப்பகத்தில் ராயல்டி 10 சதவீதம். ஒரு பிரதிக்கு 25 ரூபாய் என்றால், 300 பிரதியும் விற்றால் எழுத்தாளருக்கு 7,500 ரூபாய். கடைக் கழிவு, தாள், அச்சு, மெய்ப்பு (பிழைதிருத்தம்), அட்டை எல்லாம் போக, முதல் அச்சில் எங்களுக்குப் போட்ட பணம் திரும்பினாலே பெரிது. வடிவமைப்பும் மெய்ப்பும் இரண்டாம் அச்சுக்கு மறுபடி செய்ய வேண்டியதில்லை. கையில் ஏதாவது மிஞ்சுவது அப்போதுதான். திருட்டுப் பிரதியால் அடிபடுவது அந்த இரண்டாம் அச்சுதான்.

இறக்கிய எல்லோரும் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. பலர் வாங்கியிருக்கவே மாட்டார்கள். ஆனால் அவர்களில் 50 பேர் வாங்கியிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், 300 பிரதியில் அது ஆறில் ஒரு பங்கு. பெரிய நாவலுக்கு அது தூசி. எங்களுக்கு அப்படியில்லை.

"நான் விற்கவில்லையே, இலவசமாகத்தானே கொடுக்கிறேன்" என்பார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அதுவும் மீறல்தான். தெரிந்தே மீறினால் 63ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாப நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம், அவ்வளவே. புனைபெயரில் ஒளிந்துகொள்ளலாம் என்பதும் நடக்காது. பயிற்சி ஆசிரியர் ஒருவரின் பாடங்களைத் திருட்டுத்தனமாகப் பகிர்ந்தவர்களின் விவரங்களைத் தருமாறு 2022இல் டெல்லி உயர் நீதிமன்றம் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது.

காசில்லாமல் படிக்க நேர்மையான வழிகள் நிறைய இருக்கின்றன. பாரதியின் படைப்புகளைத் தொடர்ந்து எத்தனையோ பேரின் எழுத்துகளை அரசு நாட்டுடைமையாக்கியிருக்கிறது. எழுதியவர் இறந்து 60 ஆண்டு கடந்த நூல்களும் பொதுச்சொத்து. மதுரைத் திட்டம் 1998 முதல் பழைய நூல்களை இணையத்தில் ஏற்றி வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கிறது. புதுப் புத்தகம் வேண்டுமென்றால் உங்கள் ஊர் நூலகரிடம் கேளுங்கள். அப்படியும் முடியாத மாணவர் எங்களுக்கே எழுதலாம். அட்டை கசங்கிய பிரதிகளை அனுப்பியிருக்கிறோம்.

அந்தக் குழுவில் புகார் கொடுத்தோம். கோப்பை நீக்கினார்கள். பத்து நாளில் வேறொரு குழுவில், அதே கட்டைவிரலோடு வந்தது. எழுத்தாளர் இரண்டாவது தொகுப்பை முடித்து என்னிடம் கொடுத்திருக்கிறார். முதலாவதைவிட நல்ல கதைகள். இம்முறை 200 பிரதிதான் போட முடியும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.