ஒரு குளத்தின் ஓசையை வாசிப்பது எப்படி?

ஈரோடு மாவட்டம் அறச்சலூருக்கு அருகே, நாகமலைக் குகைத்தளத்துப் பாறையில், வரிக்கு ஐந்து எழுத்துகளாக ஐந்து வரிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. முதல் வரி ‘த தை தா தை த’, அடுத்தது ‘தை தா தே தா தை’. இடமிருந்தோ வலமிருந்தோ, மேலிருந்தோ கீழிருந்தோ எப்படிப் படித்தாலும் அதே சொற்கட்டு வரும். புலவர் செ. இராசு கண்டறிந்த இக்கல்வெட்டு, தமிழ்ப் பிராமி வட்டெழுத்தாக மாறத் தொடங்கிய காலத்தைச் சேர்ந்தது. எழுத்துகளை இப்படிக் கோத்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்ற குறிப்பும் அங்கே உள்ளது. இது தாளமா, ஆடலுக்கான அடைவா, எழுத்தை வைத்துச் செய்த சோதனையா என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை என்றே நான் நினைக்கிறேன். ஒலித்த கணமே மறைந்துவிடும் ஓசையைக் கண்ணால் பார்க்கத்தக்க ஒரு சதுரமாக நிறுத்தி வைத்ததுதான் அதன் அருமை.

சூழலியலாளர்கள் இன்று பயன்படுத்தும் ஸ்பெக்ட்ரோகிராம் என்ற ஒலி வரைபடமும் இதே வேலையைத்தான் செய்கிறது. மரத்தில் கட்டிய பதிவுக்கருவியின் மைக், காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை ஒரு நொடிக்கு 48,000 முறை அளந்து எண்களாகச் சேமிக்கிறது. அளக்கும் வேகத்தில் பாதி வரையுள்ள அதிர்வெண்களையே மீட்க முடியும் என்பதால், இக்கருவிக்கு 24,000 ஹெர்ட்சே எல்லை. மனிதக் காதுக்கு அது தாராளம்; வௌவால்களின் மீயொலிக்கோ இன்னும் வேகமாக அளக்கும் கருவி வேண்டும். பிறகு கணினி அந்த எண்வரிசையை, ஒன்றுக்கு 1,024 எண்கள் வீதம் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்தச் சுருதி எவ்வளவு வலுவுடன் கலந்திருக்கிறது என்பதை ஃபூரியே மாற்றம் என்னும் கணக்கால் பிரித்தெடுக்கிறது. இடமிருந்து வலமாகக் காலம், கீழிருந்து மேலாகச் சுருதி, நிறத்தின் அடர்த்தியில் ஓசையின் வலிமை என்று படம் உருவாகிறது. ஒரு துண்டின் நீளம் ஏறத்தாழ 21 மில்லிநொடி. அதில் சுமார் 47 ஹெர்ட்சுக்கும் குறைவான இடைவெளி கொண்ட இரு சுருதிகளைப் பிரித்தறிய முடியாது. துண்டை நீளமாக்கினால் சுருதி துல்லியமாகும், ஆனால் அது எந்தக் கணத்தில் எழுந்தது என்பது மங்கிப்போகும். இரண்டையும் ஒருசேரக் கூர்மையாக்க எந்தக் கருவியாலும் இயலாது.

படத்தில் சில்வண்டின் ரீங்காரம் மேற்பகுதியில் விடாத கோடாக ஓடும். ஆள்காட்டியின் அலறல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைவுகளாகத் தெரியும். செம்போத்தின் ‘பூம், பூம்’ 1,000 ஹெர்ட்சுக்கும் கீழே தடித்த புள்ளிகளாக விழும். இசைக்குறிப்பைப் போன்ற இந்த ஒழுங்கை முதலில் கூர்ந்து கவனித்தவர்களுள் ஒருவர், சின்தசைசர் கலைஞராக இருந்த அமெரிக்கர் பெர்னி க்ராஸ். நீண்ட காலம் சேர்ந்து வாழும் உயிர்கள், ஒன்றின் குரல் மற்றொன்றை அமுக்காதபடி அலைவரிசையையும் நேரத்தையும் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது அவருடைய கருதுகோள். சியரா நெவாடா மலையின் லிங்கன் புல்வெளியில் 1988இல், தேர்ந்தெடுத்த மரங்களை மட்டும் வெட்டும் பணிக்கு முன்னர் அவர் ஒலிப்பதிவு செய்தார். மறு ஆண்டு திரும்பியபோது காடு கண்ணுக்கு அப்படியே இருந்தது. ஒலிப்பதிவிலோ பறவைக் குரல்கள் பெரும்பாலும் இல்லை. அவருக்கும் முன்னதாக, கனடாவின் இசையமைப்பாளர் மரே ஷேஃபர், ஓரிடத்தின் ஓசைகள் அனைத்தையும் ஒரு நிலக்காட்சியைப் போல் கொள்ளும் ‘ஒலிநிலம்’ என்னும் கருத்தைப் பரப்பியிருந்தார். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1970களில் எழுத்தாளர் ஹென்றி தோரோவின் இயற்கைக் குறிப்பேடுகளை எடுத்து, வாக்கியத்தைச் சொல்லாகவும், சொல்லை அசையாகவும், அசையை வெறும் ஒலியாகவும் கரைத்து ஒரு நூலே செய்தார்.

தமிழ் வாசகருக்கு இந்த இணைப்பு புதிதன்று. தொல்காப்பியம் கருப்பொருளைச் சொல்லும்போது மா, மரம், புள் ஆகியவற்றுடன் பறையையும் யாழையும் ஒரே வரிசையில் வைக்கிறது. முல்லைக்குக் காட்டுக்கோழி எப்படியோ, ஏறுகோட்பறையும் அப்படியே. மேய்ச்சல் கொரங்காடுகள் கொண்ட கொங்கு நாட்டில் இதைப் படிக்கும்போது, மனிதன் எழுப்பும் ஓசையும் நிலத்தின் உறுப்பாகவே எண்ணப்பட்டது புரிகிறது. அப்படியானால் நம் முல்லையின் இன்றைய பறை விசைத்தறிதான்.

தறி நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிக்கிறது. ஒவ்வோர் அடியும் படத்தில் கீழிருந்து மேல்வரை நிற்கும் செங்குத்துக் கோடு. தொலைவு கூடக்கூட, உயர்ந்த சுருதிகளைக் காற்று விரைவில் உறிஞ்சிவிட, தாழ்ந்த ஒலிகளே குளம் வரை வந்து செம்போத்தின் இடத்தில் அமர்கின்றன. நெதர்லாந்தின் லைடன் நகரில், இரைச்சல் மிகுந்த தெருக்களில் வாழும் பட்டாணிக்குருவிகள் உயர்ந்த சுருதியில் பாடுவதை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்வளவு ஆழமான குரல் கொண்ட செம்போத்து இரைச்சலுக்கு மேலே ஏற வேண்டுமானால், தாண்ட வேண்டிய தூரம் மிக அதிகம்.

பதிவுகளைக் கணினியே மதிப்பிட உதவும் குறியீட்டெண்களை நாம் எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். அவற்றுள் பரவலான ஒன்று 1,000 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை இருப்பதை இயந்திர ஓசை என்றும், 2,000 முதல் 8,000 வரை இருப்பதை உயிர்களின் ஓசை என்றும் எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் செம்போத்து இல்லவே இல்லை. அருகிலுள்ள தறியின் அடியோ பாதிக்கு மேல் பறவையாகிவிடும். எங்கோ வகுத்த எல்லைகளை அப்படியே விசைத்தறிகள் நிறைந்த சோமனூருக்குக் கொண்டுவந்தால், இரைச்சல் மிகுந்த குளமே வளமான குளமென்று மதிப்பெண் பெறும். ஆனைமலையில் மீட்டெடுத்த காட்டுத் துண்டுகளை ஒலிப்பதிவால் ஆராய்ந்தபோது, குரலைக் கேட்டு எந்தப் பறவை என்று அடையாளம் சொல்லும் மனிதக் காதுகளும் தேவைப்பட்டன.

சோமனூர்ப் பக்கத்துக் குளமொன்றில் நான் வைத்த கருவி, மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்ட நாளையும் பதிவு செய்தது. காலை ஒன்பது மணி வரை படத்தின் அடிப்பகுதி முழுவதும் தறிக்குடோன்களின் கரிய பட்டை. ஒன்பது மணி தாண்டியதும் அது ஒரே வெட்டில் முடிகிறது. சில நிமிடம் வெறும் காற்று. பிறகு கருவேல மரங்கள் இருக்கும் பக்கத்தில் செம்போத்து தொடங்குகிறது, ஒன்பது புள்ளிகள். அதைவிடச் சற்றே மங்கலாக, இன்னும் தாழ்ந்த சுருதியில், எதிர்க்கரையிலிருந்து மற்றொன்று பதில் கொடுக்கிறது. முந்தைய ஆறு நாள் பதிவிலும் அந்தப் பதிலை நான் கண்டிருக்கவில்லை.