கரன்ட்டை நிறுத்திப் பார்த்தால் தெரியும்

போன ஆடியில் மண்டபத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் ஆறரை மணிக்குக் கரன்ட் போனது. கச்சான் காற்று வீசுகிற நாட்களில் அது புதிதல்ல. இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது. கூடத்து விசிறி சுற்றியது, அடுப்படியில் ஒரு லைட் எரிந்தது, அக்கா மகனின் கம்ப்யூட்டர் மேசையும் தப்பித்தது. ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், மாடி அறை எல்லாம் நின்றுவிட்டன. எது இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும், எது வேண்டாம் என்று வயரிங் செய்தவர் அன்றைக்கே பிரித்து வைத்திருந்தார்.

அந்த நேரம் பையன் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில் ஏர்பஸ் ஏ320 ஓட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம். தலைக்கு மேல் எஞ்சின் சத்தம் கேட்டே வளர்ந்தவன். ஒரு மாதமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தான்: "மாமா, பிஎம்டிஜி 737 வாங்கவா, ஃபீனிக்ஸ் ஏ320 வாங்கவா? எது நெசமா இருக்கும்?" சிமுலேட்டருக்குள் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளும் விமானங்களை ஆட்-ஆன் என்பார்கள். பிஎம்டிஜி செய்தது போயிங் 737, ஃபீனிக்ஸ் செய்தது ஏர்பஸ் ஏ320.

"ரெண்டு ஜெனரேட்டரையும் ஆஃப் பண்ணு மாப்ள" என்றேன்.

"எதுக்கு மாமா?"

"பண்ணு, சொல்றேன்."

அவனிடம் அப்போது இருந்தது மலிவாகக் கிடைத்த ஒரு ஆட்-ஆன். மேல் பேனலில் இரண்டு பட்டன்களையும் அணைத்தான். மணி அடித்தது, இரண்டு எச்சரிக்கை விளக்குகள் எரிந்தன. அவ்வளவுதான். ஆறு திரைகளும் அப்படியே ஒளிர்ந்தன, ஆட்டோபைலட் தன்பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. விமானத்தில் ஒன்றுமே நிற்கவில்லை.

நிஜ ஏ320-ல் என்ன நடக்கும்? ஒவ்வொரு எஞ்சினிலும் 90 கேவிஏ திறனுள்ள ஜெனரேட்டர் ஒன்று உண்டு. இரண்டும் பறக்கும்போது போய்விட்டால், விமானத்தின் வயிற்றுப் பகுதியிலிருந்து ஒரு சின்னக் காற்றாடி தானாக வெளியே விழும். எதிரே வரும் காற்றில் அது சுழன்று 'நீலம்' என்று பெயர் வைத்த ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) அமைப்புக்கு அழுத்தம் கொடுக்கும். அந்த அழுத்தம் ஒரு அவசர ஜெனரேட்டரைச் சுற்றும். அதன் திறன் வெறும் 5 கேவிஏ. காற்றாடி வேகம் பிடிக்கும் அந்தச் சில விநாடிகளுக்கு பேட்டரிதான் துணை. 180 கேவிஏ இருந்த இடத்தில் 5 கேவிஏ என்றால் எல்லாவற்றுக்கும் கொடுக்க முடியாது. அதனால் முதலிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். கேப்டன் பக்கத் திரை எரியும், துணை விமானி பக்கம் இருண்டுவிடும். ஆட்டோபைலட் கழன்றுகொள்ளும். கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்களில் சில படுத்துவிடுவதால் விமானம் வழக்கமான பாதுகாப்பு விதிகளிலிருந்து ஒரு படி கீழே இறங்கும். அப்புறம் சக்கரத்தை இறக்கியதும் இன்னொரு படி.

ஒரு சுவிட்ச்சில் தொடங்கி ஓட்டும் கை வரைக்கும் வருகிற இந்தச் சங்கிலி ஆட்-ஆனுக்குள் உண்மையிலேயே இருக்கிறதா என்பதுதான் என் ஒரே அளவுகோல். இரண்டு விதமாக ஒரு ஆட்-ஆனை எழுதலாம். "ஜெனரேட்டர் பட்டனை அமுக்கினால் இந்த விளக்கை எரியவிடு" என்று விளைவை மட்டும் எழுதுவது ஒன்று. மின்சாரம் எங்கே பிறக்கிறது, எந்த பஸ் (மின்சாரத்தைப் பகிரும் பொது லைன்) வழியாகப் போகிறது, அந்த பஸ்ஸில் எந்தெந்தக் கருவி தொங்குகிறது, அவை எவ்வளவு இழுக்கின்றன என்று காரணத்தை எழுதுவது இன்னொன்று. இரண்டாவது வழியில் எழுதினால் திரை இருள்வதைத் தனியாக எழுத வேண்டியதே இல்லை. மின்சாரம் வராததால் அது இருளும், ஃபிரிட்ஜைப் போல. எழுதியவர் நினைத்துப் பார்க்காத கோளாறைக்கூட அது சரியாகக் காட்டும்.

ஃப்ளைபைவயர் என்ற குழு செய்த ஏ320நியோ ஆட்-ஆன் முழுக்க இலவசம், அதன் மூலநிரலும் எல்லோருக்கும் திறந்தது. அதில் மின்சாரமும் ஹைட்ராலிக்ஸும் ரஸ்ட் என்ற புரோகிராம் மொழியில் தனியாக எழுதப்பட்டவை. குழாயில் அழுத்தம் ஏறுவது, பம்ப் சுற்றுவது, காற்றாடி வேகம் பிடிப்பது எல்லாம் கணக்கு போட்டே வருகின்றன. 2022 மே மாதம் வந்த ஃபீனிக்ஸ் வேறு வழியில் போனது. காக்பிட் பயிற்சிக் கூடங்களுக்கு மென்பொருள் செய்யும் புரோசிமின் ஏ320 அமைப்பை எடுத்து, சிமுலேட்டருக்கு வெளியே தனி புரோகிராமாக ஓடவிட்டது. சிமுலேட்டர் காட்சியையும் காற்றையும் பார்த்துக்கொள்ளும், விமானத்தின் உள்ளுறுப்புகள் பக்கத்து அறையில் வேலை செய்யும். கம்ப்யூட்டர் இரண்டு வேலை பார்க்க வேண்டியிருப்பதால் பழைய பிராசசர் திணறும். அதே மே மாதம் வந்த பிஎம்டிஜி 737, சிமுலேட்டருக்குள்ளேயே ஓடுகிறது.

737-ல் அந்தக் காற்றாடியே கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு ஜெனரேட்டரும் போனால் பேட்டரிதான், ஒரு பேட்டரி என்றால் 30 நிமிடம், இரண்டு என்றால் 60 நிமிடம். அதற்குள் வாலில் இருக்கும் சின்ன எஞ்சினான ஏபியூவைக் கிளப்ப வேண்டும். ஆனால் ஹைட்ராலிக் மொத்தமும் போனாலும் விமானியின் கையிலிருந்து இறக்கை வரைக்கும் இரும்புக் கேபிள் ஓடுகிறது. பலம் கொடுத்து இழுத்தால் விமானம் கேட்கும். ஏ320-ல் கைக்கும் இறக்கைக்கும் நடுவே கம்ப்யூட்டர். ஆகவே 737-ஐயும் ஏ320-ஐயும் பக்கத்தில் வைத்து "எது நெசம்" என்று கேட்டால் பதில் வராது. ஒவ்வொன்றும் தன் மூலத்துக்கு எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்றுதான் பார்க்க முடியும்.

நம் கடற்கரையிலிருந்தே செய்யக்கூடிய இன்னொரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். புறப்படும் முன் விமானத்தின் ஜடத்துவ வழிகாட்டி (தன் அசைவை வைத்தே இடத்தைக் கணிக்கும் கருவி) வடக்கு எது என்று தானே கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு ஜிபிஎஸ்ஸும் வேண்டாம், காந்த ஊசியும் வேண்டாம். அதனுள் இருக்கும் லேசர் ஜைரோ என்ற சுழற்சி உணரி பூமியின் சுழற்சியையே உணர்கிறது, மணிக்கு 15 டிகிரி. அந்தச் சுழற்சியில் தரையோடு கிடையாக இருக்கும் பங்கு வடக்கைக் காட்டும். நிலநடுக்கோட்டில் சுழற்சி முழுவதும் கிடையாகவே இருக்கும், துருவத்தில் அந்தப் பங்கு பூஜ்யம். மண்டபம் 9 டிகிரி சொச்சம் வட அகலாங்கில் இருக்கிறது. இங்கே கிட்டத்தட்ட 99 சதவீதம் கிடைத்துவிடும். அதனால்தான் நிஜ 737 நிலநடுக்கோட்டருகே 5 நிமிடத்தில் தயாராகி, 78 டிகிரி வடக்கில் 17 நிமிடம் வரை எடுத்துக்கொள்கிறது. ஆட்-ஆனில் நேரத்தை நிஜ அளவுக்கு வைத்துவிட்டு, மதுரையில் ஒரு தடவை, நார்வேயின் ட்ரோம்ஸோவில் ஒரு தடவை கடிகாரம் பிடித்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே நேரம் வந்தால் உள்ளே இருப்பது வெறும் டைமர். அது வடக்கைத் தேடும்போதே விமானத்தைக் கொஞ்சம் நகர்த்தியும் பாருங்கள். நிஜத்தில் கோபித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

இனி ஓட்டும் கைக்கு வருவோம். வள்ளத்தில் சுக்கான் பிடித்தவர்களுக்கு இது உடனே புரியும். பக்கக் காற்று அடிக்கும்போது சுக்கானை ஒரு பக்கம் அழுத்தியே பிடித்திருக்க வேண்டும், விட்டால் வள்ளம் திரும்பிவிடும். 737 அப்படித்தான். பக்கக் காற்றில் இறங்கும்போது காற்று வரும் பக்கம் இறக்கையைத் தாழ்த்தி, கைப்பிடியை அங்கேயே பிடித்திருக்க வேண்டும். ஏ320-ல் பறக்கும்போது கைப்பிடியைச் சாய்ப்பது "இந்த வேகத்தில் உருளு" என்ற கட்டளை. வேண்டிய சாய்வு வந்ததும் கையை நடுவுக்கு விட்டால் விமானம் அந்தச் சாய்விலேயே நிற்கும். 737 பழக்கத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் உருண்டுகொண்டே போகும். முன்னும் பின்னும் இழுப்பதும் அப்படியே. கை கேட்பது வால் இறக்கையின் கோணத்தை அல்ல, எத்தனை ஜி (புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு) என்பதை. அது கிடைக்கும்வரை வால் இறக்கையை எவ்வளவு அசைப்பது என்று கம்ப்யூட்டர் விநாடிக்குப் பல தடவை அளந்து, திருத்தி, மறுபடி அளக்கும்.

ஆட்-ஆன் எழுதுபவர் இந்தத் திருத்தும் சுழலை சிமுலேட்டரின் காற்றியலுக்கு மேலே தானே கட்ட வேண்டும். மெத்தனமாகக் கட்டினால் விமானம் தலையாட்டும், முரட்டுத்தனமாகக் கட்டினால் தண்டவாளத்தில் ஓடுவது போலிருக்கும். ஃபீனிக்ஸும் ஃப்ளைபைவயரும் இதில் உழைத்தது கையில் தெரிகிறது. தரையிலிருந்து 50 அடியில் விமானம் தன் மூக்கின் நிலையை மனதில் வைத்துக்கொண்டு, 30 அடியில் மெல்ல அதைத் தாழ்த்தத் தொடங்கும். விமானி பழைய விமானங்களில் போலவே இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதற்காக ஏர்பஸ் செய்த ஏற்பாடு. நல்ல ஆட்-ஆனில் அந்த இழுப்பைக் கை உணரும்.

வீட்டில் ஓட்டுபவருக்கு முக்கியமான ஒரு விஷயம் இங்கேதான் இருக்கிறது. நம் மேசையில் இருப்பது ஸ்பிரிங் வைத்த ஜாய்ஸ்டிக். விட்டால் நடுவுக்கு வரும். நிஜ ஏ320-ன் கைப்பிடியும் ஏறக்குறைய அதேதான். 737-ன் கைப்பிடியோ ட்ரிம் சக்கரத்தைச் சுற்றச் சுற்ற கனம் குறைந்து புதிய இடத்தில் நிலைகொள்ளும். மேசை ஜாய்ஸ்டிக்கால் அதைச் செய்யவே முடியாது. எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலும் அப்படித்தான். 737-ல் ஆட்டோதிராட்டில் ஓடும்போது நெம்புகோல்கள் மோட்டாரால் தாமே நகரும். ஏ320-ல் அவை வைத்த இடத்தில் நிற்கும், நம் மேசையிலும் நிற்கின்றன. பிஎம்டிஜி தன் பக்க வேலையை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் கடைசி ஒரு முழம் நம் மேசையில் அறுந்துபோகிறது. சாதாரண ஜாய்ஸ்டிக் வைத்திருப்பவர் ஏர்பஸ் வாங்குவதே சரி என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சரி, அப்படியானால் 737 யாருக்கு? தன் கையால் கணக்கு போட்டு இறங்க ஆசைப்படுபவருக்கு. சிங்கப்பூர்ப் பக்கமிருந்து மதுரைக்கு 35,000 அடியில் வருவதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் அடிக்கு 3 கடல்மைல் என்பது விமானிகளின் வாய்க்கணக்கு. அப்படியென்றால் 105 கடல்மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை விமான நிலையம் வான்வழியில் சுமார் 80 கடல்மைல். ஆகவே கோபுரம் கண்ணில் படும்போது எட்டாயிரம் அடிக்கு மேல் ஏற்கெனவே இறங்கியிருக்க வேண்டும். ஆடி மாதத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கீழே கச்சான் மேற்கிலிருந்து அடிக்கும், மிக உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து வரும். முதலில் பின்னாலிருந்து தள்ளிய காற்று இறங்க இறங்க எதிர்க்காற்றாக மாறுகிறது. நல்ல ஆட்-ஆனின் வழிகாட்டிக் கம்ப்யூட்டரில் உயரத்துக்கு உயரம் தனித்தனியாகக் காற்றைக் கொடுக்கலாம், கொடுத்ததும் இறங்கும் புள்ளி வரைபடத்தில் நகரும். காற்றை மாற்றியும் புள்ளி நகராவிட்டால் அந்த ஆட்-ஆனுக்குக் காசு கொடுக்காதீர்கள். பிஎம்டிஜியில் இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டுவது தனி சுகம்.

எக்ஸ்-பிளேன் என்ற வேறொரு சிமுலேட்டர் வைத்திருப்பவருக்கு ஸிபோ என்ற இலவச 737-800 இருக்கிறது, காசு கொடுத்தால் டோலிஸின் ஏர்பஸ்கள். அந்த சிமுலேட்டர் இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றின் மேலும் காற்று என்ன செய்கிறது என்று கணக்கிடுவது. விலை என்றால் 2022-ல் வெளிவந்தபோது ஃபீனிக்ஸ் சுமார் 50 பவுண்டு, பிஎம்டிஜி 737-800 சுமார் 75 டாலர். தரைக்காட்சி, இருக்கைத் துணியின் மடிப்பு பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை. இப்போது எல்லோரும் அதை நன்றாகவே செய்கிறார்கள்.

நம் பக்கத்து வானத்துக்கு என் தனிப்பட்ட விருப்பம் ஏடிஆர் 72 என்ற டர்போபிராப், அதாவது புரொப்பெல்லர் விமானம். தூத்துக்குடி ஓடுபாதை பல வருடம் 1,350 மீட்டர் அளவிலேயே இருந்தது, அங்கே வந்துபோனவற்றில் இந்த டர்போபிராப்பும் ஒன்று. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போவதும் இதுவே. 2023-ல் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு வந்தது, அப்போது விலை 20 டாலர். இதற்கு ஏபியூ கிடையாது. தரையில் நிற்கும்போது வலது எஞ்சினை ஓடவிட்டு, அதன் புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி மின்சாரம் எடுப்பார்கள். ஆனால் அதன் மாறுமின்சார ஜெனரேட்டர் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றுவது. எஞ்சின் ஓடினாலும் புரொப்பெல்லர் நிற்பதால் அந்த லைன் செத்துக் கிடக்கும், நேர்மின்சாரம் மட்டும் வரும். வாங்கினால் முதலில் இதைப் பாருங்கள்.

"அப்ப எதை வாங்க மாமா?" என்றான் எல்லாம் கேட்டுவிட்டு.

"இப்ப ஒண்ணும் வாங்காதே. ஃப்ளைபைவயரை இறக்கு, ரெண்டு மாசம் அதுல ஓட்டு. உன் ஜாய்ஸ்டிக்குக்கு அப்புறம் ஃபீனிக்ஸ் போதும்."

ராத்திரி எட்டேகாலுக்குக் கரன்ட் வந்தது. டவுன்லோடு போட்டுவிட்டுப் படுத்தான். காலையில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவன் பாம்பன் பாலத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்தான். கூப்பிட்டான், போய் பின்னால் நின்றேன். முதல் ஜெனரேட்டரை அணைத்தான், ஒன்றும் ஆகவில்லை. மற்றது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் சுமந்துகொண்டது. இரண்டாவதையும் அணைத்தான். வலப்பக்கத் திரைகள் சட்டென்று கருத்தன, ஆட்டோபைலட் கழன்ற மணி அடித்தது, கேப்டன் திரை மட்டும் நின்றது. வாய்விட்டு எண்ண ஆரம்பித்தான். பத்தைத் தொடுவதற்குள் தரைக்கு அடியிலிருந்து வருவது போல ஒரு இரைச்சல் கிளம்பியது.

"மாமா, இன்வெர்ட்டர் எடுத்துக்கிச்சு."