பப்பாளி மேல் பழி போடுமுன்

சிங்கப்பூர் யீஷூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார்: "மருமகளுக்கு 38 வயது. ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. சோதித்துப் பார்த்ததில் 16ஆம் குரோமோசோம் மூன்று இருந்ததாம். தேக்காவில் வாங்கி வந்த பப்பாளியைச் சாப்பிட்டதால்தான் இப்படி ஆனது என்கிறார் என் நாத்தனார். உண்மையா?"

பாவம் பப்பாளி. தொடக்க வாரங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதியில் குரோமோசோம் கணக்குதான் பிசகியிருக்கிறது. ஒரு குரோமோசோம் கூடுதலாக வந்து கலைபவற்றில் அதிகம் காணப்படுவது இந்த 16தான்.

பள்ளியில் படித்ததுதான்: நம் செல்களில் 46 குரோமோசோம்கள், 23 ஜோடி. முட்டையில் 23, விந்தணுவில் 23. இந்த 46 என்ற கணக்கே 1955இல்தான் சரியாக எண்ணப்பட்டது. அதுவரை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக 48 என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். திருத்தியவர் நமக்குப் பக்கத்தில், ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ; எண்ணியது சுவீடனின் லுண்ட் நகரில். டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் மூன்றாவதாக ஒரு 21ஆம் குரோமோசோம் என்பது 1959இல் பாரிஸிலிருந்து வெளியானது.

சரி, இரண்டு எப்படி மூன்றாகிறது? விந்தணு ஏறக்குறைய இரண்டரை மாதச் சரக்கு. பருவ வயதிலிருந்து புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும். முட்டை அப்படியல்ல. ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைகள் உருவாகிவிடுகின்றன. குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு, பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாமல் அப்படியே நின்றுவிடுகின்றன. உங்கள் மருமகளின் அந்த முட்டை 38 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தது. (இதைப் படித்துவிட்டுப் பழியைச் சம்பந்தியம்மா பக்கம் திருப்பிவிடாதீர்கள்!)

அத்தனை காலமும் ஜோடியைப் பிடித்து வைத்திருப்பவை கோஹீசின் என்ற புரத வளையங்கள். எனக்கு இவற்றின் மேல் தனிப் பிரியம். என் அம்மா நாசி லெமாக் பொட்டலத்தில் வரும் ரப்பர் பேண்டுகளைத் தூக்கிப் போட மாட்டார், சமையலறைக் கதவின் கைப்பிடியில் மாட்டி வைப்பார். போன மாதம் ஒன்றை எடுத்தேன். இழுக்கக்கூட இல்லை, விரல் பட்டதும் பொடிந்து உதிர்ந்தது. யாரும் அதைத் தொட்டதில்லை, சும்மா தொங்கிக்கொண்டிருந்ததுதான். எலிகளில் செய்த ஆய்வுகளைப் பார்த்தால், பிறக்கும் முன் மாட்டிய இந்த வளையங்களுக்கு முட்டை பிறகு மாற்று வளையம் போடுவதாகத் தெரியவில்லை. வயது ஏற ஏற அவை குறைந்துகொண்டே போகின்றன.

அழகே இனிமேல்தான். முட்டை வெளிவரும் நேரம் நெருங்கியதும் இரு பக்கமிருந்தும் நுண்ணிழைகள் வந்து ஜோடியைப் பற்றி எதிரெதிராக இழுக்கும், வடம் இழுக்கும் போட்டி மாதிரி. வளையங்கள் விட்டுக்கொடுக்காததால் இழை விறைப்பாக நிற்கும். அந்த விறைப்புதான் 'சரியான ஆளைத்தான் சரியான பக்கம் பிடித்திருக்கிறோம்' என்பதற்கு அத்தாட்சி. தவறாகப் பிடித்திருந்தால் இழை தொய்யும். விட்டுவிட்டு மறுபடி பிடிக்கும். எல்லாம் சரியான பிறகு ஒரு நொதி வந்து வளையங்களை வெட்டிவிடும், ஆளுக்கொரு பக்கம் போவார்கள். வளையங்கள் முன்பே உதிர்ந்திருந்தால்? விறைப்பே வராது. ஜோடி தனித்தனியாக அலைந்து இரண்டுமே ஒரே பக்கம் போய்ச் சேரலாம். முட்டையில் 24, விந்தணுவில் 23, ஆக 47.

இவ்வளவும் பெரும்பாலும் முட்டை வெளிவருவதற்குச் சற்று முன்பே முடிந்துவிடுகிறது. அதாவது அப்போது கருவே உண்டாகியிருக்கவில்லை. பப்பாளி வருவதற்குள் பிழை நடந்து முடிந்துவிட்டது.

என்னைக் கேட்டால், கிரகணத்தன்று வெளியே போனாள், கனமான பையைத் தூக்கினாள் என்று துக்கத்தில் இருப்பவளிடம் கணக்குக் கேட்பது வெறும் மூடநம்பிக்கை இல்லை, கொடுமை. முட்டை எப்படி முதுமையடைகிறது என்ற ஆராய்ச்சிக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்றும் சொல்வேன்.

2023 ஜூலையிலிருந்து சிங்கப்பூரில் 21 முதல் 37 வயது வரையுள்ள பெண்கள், மருத்துவக் காரணம் இல்லாவிட்டாலும் முட்டைகளை உறைய வைத்துக்கொள்ளலாம். ரப்பர் பேண்டை நினைத்தால் வயது வரம்பின் நியாயம் புரியும். உங்கள் மருமகள் அதைத் தாண்டிவிட்டார், உண்மைதான். ஆனால் எல்லா முட்டையிலும் வளையங்கள் ஒரே மாதிரி உதிர்ந்திருக்காது. இந்த வயதிலும் கணக்குச் சரியான முட்டைகள் இருக்கும். கரு கலைவது திரும்பத் திரும்ப நடந்தால் மட்டும் கணவன் மனைவி இருவரின் குரோமோசோம்களையும் பார்க்கச் சொல்வார்கள். சிலருக்கு ஒரு குரோமோசோம் துண்டு வேறொன்றில் ஒட்டியிருக்கும். எதுவும் கூடவோ குறையவோ இல்லாததால் அவர் நலமாகவே இருப்பார், பிள்ளைக்குப் பங்கு பிரிக்கும்போதுதான் சிக்கல்.

அடுத்த கர்ப்பத்தில், பத்தாவது வாரத்திலிருந்து தாயின் ரத்தத்தை வைத்தே 21, 18, 13ஆம் குரோமோசோம்களின் கணக்கைப் பார்க்கும் சோதனை உண்டு. அதில் சந்தேகம் என்று வந்தால் அதையே முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சோதனை பார்ப்பது நஞ்சுக்கொடியிலிருந்து வந்த டிஎன்ஏவைத்தான். பனிக்குட நீரை எடுத்துப் பார்த்த பிறகுதான் குழந்தையைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும்.