உதட்டில் ஊரும் எறும்பு

போன மாதம் ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். வயது 29. கீழ்த்தாடையில் வலது பக்க ஞானப்பல் படுத்த வாக்கில் முளைத்து, பக்கத்துக் கடைவாய்ப்பல்லை இடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருக்கிறோம், சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்றார்களாம். ஆகவில்லை. "கீழுதட்டில் வலது பாதியும் முகவாயும் மரத்தே கிடக்கின்றன. காபி டம்ளரை வாயில் வைத்தால் பாதி விளிம்பை யாரோ உடைத்து எடுத்த மாதிரி இருக்கிறது. சாம்பார் வழிந்தால் எதிரில் இருப்பவர் சொல்லித்தான் தெரிகிறது. இப்போது ஐந்து வாரம் ஆகிறது. நாலு நாளாக அந்த இடத்தில் எறும்பு ஊர்கிறது. நரம்பு செத்துக்கொண்டிருக்கிறதா, சார்?"

நேரில் பார்க்காமல் யாருக்கும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அந்த எறும்பு பெரும்பாலும் நல்ல சேதி. எப்படி என்று சொல்கிறேன்.

முகத்தின் தொடு உணர்வில் பெரும்பகுதியை மூளைக்குக் கொண்டுபோவது முப்பெருநரம்பு. மூன்று கிளைகள்: நெற்றியும் கண்ணும் ஒன்றுக்கு, கன்னமும் மேல்தாடையும் இன்னொன்றுக்கு, கீழ்த்தாடை மூன்றாவதற்கு. இந்த மூன்றாவதிலிருந்து பிரியும் ஒரு நரம்பு, தாடை எலும்புக்குள் ஒரு குழாய் வழியாக நுழைந்து, கடைவாய்ப்பற்களின் வேர்களுக்குக் கீழே ஓடி, முன்கடைவாய்ப்பற்களுக்குக் கீழே ஒரு சின்னத் துளை வழியாக வெளியே வந்து, உதட்டிலும் முகவாயிலும் பரவுகிறது. ஞானப்பல்லின் வேர் இந்தக் குழாயை ஒட்டியே இருக்கலாம். சிலருக்குக் குழாயின் கூரையே அந்த வேர்தான். பல்லை அசைத்து எடுக்கும்போது நரம்பு நசுங்கலாம், இழுபடலாம், அபூர்வமாக அறுந்தும் போகலாம். முகத்தை அசைக்கும் நரம்பு வேறு என்பதால் இதனால் வாய் கோணாது. உணர்வுதான் போகும்.

இங்கே ஒரு பழைய பயத்தையும் தொட்டுவிடுகிறேன். பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று நம் வீடுகளில் இன்னும் சொல்கிறார்கள். பார்வைக்கான நரம்பு விழிக்குப் பின்னாலிருந்து தனி வழியில் மூளைக்குப் போகிறது. பல்லின் நரம்போடு அதற்கு எந்த இணைப்பும் கிடையாது. இந்தப் பயத்தால் சொத்தைப்பல்லையும் சீழையும் வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும் பெரியவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. இல்லாத ஆபத்தைப் பாட்டி காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். இருக்கிற ஆபத்தை, அதாவது உதடு மரத்துப்போகலாம் என்பதை, கையெழுத்து வாங்கும் காகிதத்தில் ஒரு வரியாக வைத்துவிட்டுக் கடந்துபோகிறோம்.

சரி, எறும்புக்கு வருவோம்.

1850-ல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்ற மருத்துவர் தவளையின் நாக்கை எடுத்துக்கொண்டார். மெல்லிய, ஒளி ஊடுருவும் நாக்கு. நுண்ணோக்கிக்கு அடியில் விரித்தால் உள்ளே ஓடும் நரம்பிழைகள் தெரியும். நாக்குக்குப் போகும் நரம்பை வெட்டிவிட்டு நாள்தோறும் கவனித்தார். வெட்டுக்கு அப்பால் இருந்த இழைகள் சில நாளில், பால் திரிவதைப் போலத் துண்டு துண்டாக உடைந்தன. வெட்டுக்கு இப்பால், மூளைப்பக்கம் இருந்தவை உயிரோடு இருந்தன. நரம்பிழை என்பது ஒரு செல்லின் நீண்ட கை, அந்தச் செல்லிலிருந்து பிரிந்தால் அது பிழைக்காது என்று பிற்பாடு புரிந்தது.

உங்கள் உதட்டின் நரம்பிழைகளுக்கு உரிய செல்கள் உதட்டில் இல்லை, தாடையிலும் இல்லை. மண்டையோட்டின் அடித்தளத்தில், கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட உயரத்தில், ஒரு முடிச்சாகப் பத்திரமாக உட்கார்ந்திருக்கின்றன. பல் டாக்டரின் கருவி அங்கே எட்டாது. அதனால் தாடையில் இழை அறுந்தாலும் அதன் வேரான செல் உயிரோடுதான் இருக்கிறது.

பந்தலில் ஏறிய அவரைக்கொடியை நடுவில் வெட்டினால் என்ன ஆகும்? நுனிப்பக்கம் காய்ந்து உதிரும். வேர்ப்பக்கம் துளிர்க்கும். ஆனால் கொடி ஏறுவதற்குக் கட்டிய கயிறு அங்கேயே இருக்கிறது அல்லவா? நரம்பிலும் அப்படி ஒரு கயிறு உண்டு. ஒவ்வொரு இழையையும் சுற்றி உறை போட்டிருக்கும் ஷ்வான் செல்கள், உள்ளே இருந்த இழை செத்ததும் தாங்கள் சாவதில்லை. உறை போடும் வேலையை விட்டுவிட்டு இளம்பருவத்துக்குத் திரும்புகின்றன. உடைந்த துணுக்குகளை, வந்து சேரும் வெள்ளணுக்களோடு சேர்ந்து தின்று அப்புறப்படுத்துகின்றன. பெருகுகின்றன. பிறகு இழையைச் சுற்றியிருந்த பழைய மெல்லிய குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்று வளர்ச்சிப் புரதங்களைச் சுரக்கின்றன. இந்த வகைப் புரதங்களில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதற்குத்தான் ரீட்டா லெவி மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் 1986-ல் நோபல் பரிசு பெற்றார்கள். செத்த இழையின் பாதையைக் காத்து, புதிய இழை வரும்வரை அதைக் கூப்பிட்டுக்கொண்டே நிற்கும் செல்கள்! எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

புதிய இழையின் நுனி கைபோல விரிந்து துழாவிக்கொண்டு வருகிறது. வேகம் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். ஞானப்பல்லின் வேரிலிருந்து எலும்புத் துளை வரை ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். அங்கிருந்து உதட்டு விளிம்புக்கு இன்னும் 2, 3 சென்டிமீட்டர். காயத்திலிருந்து கிளம்பவே சில நாள் பிடிக்கும். கணக்குப் போட்டால் இரண்டு மூன்று மாதம். நம் வாசகிக்கு ஐந்தாவது வாரத்தில் எறும்பு வந்தது, இழைகள் எலும்பை விட்டு வெளியே வரும் சமயம். கணக்கு ஒத்துப்போகிறது.

அது ஏன் எறும்பாகத் தெரிகிறது? புதுத் துளிருக்கு இன்னும் மையலின் என்ற கொழுப்பு உறை இல்லை. லேசாகத் தொட்டாலும், தொடாமலேகூட, சேதி அனுப்பிவிடும். முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களின் நரம்புகளை விரலால் தட்டிப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் ஜூல் டினல், 1915-ல் இதை எழுதிவைத்தார். தட்டிய இடத்துக்கு அப்பால் தோலில் சுருசுருவென்று ஊர்ந்தால், துளிர் தட்டிய இடம்வரை வந்துவிட்டது என்று பொருள். அந்த உணர்வுக்கு அவர் வைத்த பெயரிலும் எறும்புதான் இருக்கிறது. நம் ஊர் எறும்பும் பிரான்ஸ் எறும்பும் ஒரே நரம்பில்தான் ஊர்கின்றன.

எல்லோருக்கும் இப்படி நடந்துவிடாது. போர்க் காயங்களைப் பார்த்த ஹெர்பர்ட் செடன் 1943-ல் நரம்புக் காயங்களை மூன்றாகப் பிரித்தார். உறை மட்டும் நசுங்கினால் சில வாரங்களில் தானாகச் சரியாகும். இழை அறுந்து வெளிக்குழாய் மிஞ்சினால், மேலே சொன்ன கயிறும் கொடியும் கதை. குழாயோடு அறுந்தால் துளிருக்கு வழி தெரியாது. சிக்கலாகச் சுருண்டு, வலிக்கும் முடிச்சாகிவிடலாம். தாடை நரம்புக்கு எலும்புக் குழாய் ஒரு காப்பு, அறுந்தாலும் இரண்டு முனைகளும் எதிரெதிரே நிற்க வாய்ப்புண்டு. ஞானப்பல்லின் உட்பக்கம் ஈறுக்கு அடியில் போகும் நாக்கு நரம்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மெத்தென்ற சதையில் கிடப்பதால் அறுந்தால் முனைகள் விலகிப்போகும். சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியவும் தெரியாது. சுவையைக் கொண்டுபோகும் இழைகளும் அதோடு சேர்ந்தே ஓடுவதால், பாதி நாக்கில் உப்பும் புளிப்பும் மங்கிவிடும்.

ஞானப்பல் எடுத்தவர்களில் உதடு நிரந்தரமாக மரத்துப்போவது 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் பல்லின் வேர் எலும்புக் குழாயை ஒட்டியிருப்பவர்களுக்கு இந்தச் சராசரி பொருந்தாது. அவர்களை முன்கூட்டியே ஓரளவு அடையாளம் காணலாம். ஓபிஜி, அதாவது இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே படத்தை, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தாடைக்குள் அந்த எலும்புக் குழாயின் விளிம்புகளாக இரண்டு வெள்ளைக் கோடுகள் ரயில் தண்டவாளம் போல ஓடும். ஞானப்பல்லின் அடியில் அந்த வெள்ளைக் கோடு அறுபட்டாலோ, தண்டவாளம் வளைந்து விலகினாலோ, வேர்நுனி கருத்துத் தெரிந்தாலோ கவனம் தேவை. இந்த மூன்றும் முக்கியமான எச்சரிக்கைகள் என்று ரூட், ஷெஹாப் இருவரும் 1990-ல் காட்டினார்கள். அப்படி இருந்தால் முப்பரிமாண சிபிசிடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். பல்லில் நோய்த்தொற்று இல்லையென்றால், மேற்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை அப்படியே விடும் கொரோனெக்டமி என்ற முறையும் உண்டு. விட்ட வேர் மெல்ல மேலே நகர்ந்து நரம்பை விட்டு விலகுவதும் உண்டு. தொந்தரவே தராத ஞானப்பல்லை முன்ஜாக்கிரதையாக எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் 2000-லேயே வழிகாட்டுதல் வந்துவிட்டது. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. நம் மாநிலத்தில் இத்தனை பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பல் எடுத்தவர்களை மூன்றாம் மாதம் போனில் கூப்பிட்டு, "உதடு எப்படி இருக்கிறது?" என்று கேட்டுக் குறித்துவைக்கப் பெரிய நிதி வேண்டாம். ஒரு நோட்டும் ஒரு போனும் போதும். நம் மக்களின் தாடைக்கான கணக்கு நம்மிடமே இருக்கும்.

வாசகிக்கு: வாரம் ஒருமுறை கண்ணாடி முன் உட்காருங்கள். பஞ்சைத் திரியாகத் திரித்து, உணர்வு உள்ள கன்னத்திலிருந்து உதட்டை நோக்கி மெல்லத் தொட்டுக்கொண்டே வாருங்கள். உணர்வு நிற்கும் இடத்தில் கண்மையால் புள்ளி வையுங்கள். சுற்றிலும் அப்படி வைத்த புள்ளிகளைச் சேர்த்து போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டம் வாராவாரம் சுருங்கினால் காத்திருக்கலாம். மூன்று மாதமாகியும் துளிகூட மாறவில்லையென்றாலோ, எறும்பு போய் நெருப்பாக எரியத் தொடங்கினாலோ, தாமதிக்காமல் வாய், முகத்தாடை அறுவை நிபுணரிடம் போய் அந்தப் படங்களைக் காட்டுங்கள். நரம்பைத் தைத்துச் சேர்க்கும் அறுவை இருக்கிறது. காலம் தள்ளத் தள்ள, அங்கே காத்து நிற்கும் ஷ்வான் செல்கள் குறைந்துகொண்டே போகும்.