கட்டைக் கொஞ்சம் குடுண்ணா

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் காசிமேட்டுப் பக்கம் எனக்கு மேஜிக் ஷோ அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வீட்டு ஆண்கள் ஊரில் இருப்பார்கள் என்பதால் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள் எல்லாவற்றையும் அந்த இரண்டு மாதத்துக்குள் வைத்துக்கொள்கிற குடும்பங்கள் உண்டு.

அப்படி ஒரு காதுகுத்து. தெருவை அடைத்துப் பந்தல். ஸ்வெங்காலி என்ற தந்திரச் சீட்டுக்கட்டை வைத்து வித்தை காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு அக்கா எடுத்த ஆட்டின் ஏழு, நான் சொன்ன இடத்திலெல்லாம் வந்து நின்றது. கடைசியில் கட்டு முழுக்க ஆட்டின் ஏழாகவே மாறியது. கைதட்டல் அடங்குவதற்குள் முன்வரிசையில் இருந்து ஒரு பெரியவர் கையை நீட்டினார்.

"இன்னா தம்பி, கட்டைக் கொஞ்சம் குடு. பாத்துட்டுத் தரேன்."

நான் கட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். "ஷோ முடியட்டும்ணே" என்று சொல்லி அவசரமாகக் கோட்டுப் பாக்கெட்டில் போட்டேன். அதற்குப் பிறகு கயிறு ஐட்டம் செய்தேன், நாணயம் செய்தேன், பூ வரவைத்தேன். ஒருவர் கண்ணும் என் கையில் இல்லை. எல்லார் கண்ணும் பாக்கெட்டில்தான்.

சாப்பாட்டுப் பந்தியில் அதே பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தப்பா நெனைக்காத தம்பி. இது வலை பின்ற கை. ஒரு கண்ணி பெருசா இருந்தாலும் கண்ணுல பட்டுடும். நீ கட்டை விரிக்காம ஓரத்தைச் சரசரனு விட்டு விசிறிக்கினே இருந்தியா, ஓரம் ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்கித் தெரிஞ்சுது. கையில வாங்கினா நிச்சயமாயிடும்னு கேட்டேன்." அவர் குரலில் துளியும் நக்கல் இல்லை.

விழாவில் ஒரு பையன் செல்போனில் எடுத்த வீடியோவை அன்றிரவு வாங்கிப் பார்த்தேன். சாதாக் கட்டு கையில் இருந்தவரை நான் அதை மேஜையில் வீசுகிறேன், பிள்ளைகளிடம் கொடுக்கிறேன், ஒரு சீட்டு கீழே விழுந்தால்கூடக் கவலைப்படவில்லை. தந்திரத்துக்கென்றே செய்த கிம்மிக் கட்டு வந்ததும் கை வேறு ஆளின் கையாகிவிட்டது. நாலு விரலும் இறுகுகின்றன. கட்டைவிரல் மூலையை விட்டு அசையவில்லை. உடம்பு அரை அடி பின்னால் போகிறது. பெரியவர் கேட்டதை அதற்கு முன்பே என் கை சொல்லிவிட்டிருந்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். கட்டைக் கேட்பவர் நம் எதிரி இல்லை. வம்பு பண்ணவென்றே கேட்கிறவர் நூற்றில் ஒருவர் இருக்கலாம். மற்றவர்களுக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது நாம்.

தன் கட்டு எவ்வளவு தாங்கும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். தொழிலில் இருப்பவருக்குப் புரிகிற அளவில் மட்டும் எழுதுகிறேன். சாதாரண போக்கர் அளவுச் சீட்டு 63.5 மில்லிமீட்டர் அகலம், 88.9 மில்லிமீட்டர் நீளம். ஒரு முனை லேசாக ஒடுங்கிய ஸ்ட்ரிப்பர் கட்டில் இரண்டு முனைக்கும் இருக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் சுமார்தான். ஒவ்வொரு சீட்டாகத் திருப்பிப் பார்த்தாலும் ஒன்றும் அகப்படாது. நிதானமாகக் கையில் கொடுக்கலாம். ஆனால் ரம்மி ஆடிப் பழகியவர் பாதிக் கட்டைத் திருப்பிப் போட்டுக் கலைத்தால் ஓரம் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்வெங்காலியை நம் கையில் விசிறிக் காட்டலாம், அடுத்தவர் விரிக்கக் கூடாது. சொரசொரப்புப் பூச்சு உள்ள இன்விசிபிள் கட்டு, அடுத்தவர் விரலில் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. அதுவும் நம் ஊர்ப் புழுக்கத்தில், கடல்காற்றில், வியர்வைக் கையில் சீட்டு ஈரம் குடித்து வளைந்துவிடும். மே மாதம் பந்தலில் அந்தக் கட்டை நான் எடுப்பதே இல்லை. ஏசி ஹாலில் மட்டும்தான்.

அடுத்தது கட்டு மாற்றுவது. முதல் இரண்டு ஐட்டம் சாதாக் கட்டில் இருக்கட்டும். கேட்காமலே கூட்டத்தின் கையில் கொடுங்கள். கலைக்கட்டும், வெட்டட்டும், பிள்ளைகள் தரையில் பரப்பட்டும். வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு வேறொரு ஐட்டத்துக்குப் போங்கள். பிறகு எடுக்கிற பெட்டியில் இருப்பது வேறு கட்டு. "இப்போ பெரிய மேஜிக்" என்று சொல்லிவிட்டு மாற்றாதீர்கள். அந்த நேரம் எல்லாக் கண்ணும் கையில்தான் இருக்கும். யாராவது குழந்தையின் பெயரைக் கேட்கும்போது, கைதட்டச் சொல்லும்போது மாற்றுங்கள். ஐட்டம் முடிந்ததும் அதே மாதிரி சாதாக் கட்டு மேஜைக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும்.

இதில் நிறையப் பேர் விடுகிற ஒரு தவறு. சாதாக் கட்டு நூறு ஷோ பார்த்து மூலை மழுங்கி, கறுத்திருக்கும். கிம்மிக் கட்டு தீவுத்திடல் பொருட்காட்சியில் நேற்று வாங்கியது போலப் பளபளக்கும். பின்பக்க டிசைன் ஒன்றாக இருந்து என்ன பயன்? வீட்டில் டிவி பார்க்கும்போது நான் கிம்மிக் கட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பேன். இரண்டும் ஒரே அளவு அழுக்காகிற வரை மேடைக்குக் கொண்டுபோக மாட்டேன்.

"பாத்துக்கோங்க, இது சாதாக் கட்டுதான்" என்ற வாக்கியத்தை மறந்துவிடுங்கள். அதுவரை சந்தேகமே படாதவரும் அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவார். சாதாக் கட்டு என்று வாயால் சொல்லத் தேவையில்லை, மேஜையில் அலட்சியமாகக் கிடந்தாலே போதும். ஐட்டத்தின் உச்சம் முடிந்த உடனே சும்மா நிற்பதும் ஆபத்து. அந்த மூன்று நொடி வெறுமையில்தான் கை நீளும்.

இவ்வளவுக்குப் பிறகும் கேட்டால்? கொடுக்க முடியாத கட்டு கையில் இருந்தால் நேராகச் சொல்லிவிடுவேன். "அண்ணே, இது என் தொழில் சாமான், கையில தர மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க." தண்டையார்பேட்டையிலும் புளியந்தோப்பிலும் உழைத்துச் சாப்பிடுகிற ஜனங்களுக்குத் தொழில் சாமான் என்றால் என்னவென்று தெரியும். இதுவரை யாரும் அதற்கு மேல் வற்புறுத்தியதில்லை. முடிந்ததும் தருகிறேன் என்று சொன்னால் கட்டாயம் தர வேண்டும். தராமல் நழுவுவது பொய். குடித்திருப்பவர் கேட்டால் வாதம் வேண்டாம். சீட்டைப் பையில் வைத்துவிட்டுக் கயிற்றுக்குப் போய்விடுங்கள். கேட்டவரை வைத்துக் கூட்டத்தைச் சிரிக்கவைப்பது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. மேடைக்குக் கீழே அவருடைய மனைவி மக்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

நாம் தர மறுக்கலாம் என்பதற்கு ஒரே நியாயம், நாம் செய்வது தந்திரம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம் என்பது. "எனக்குச் சக்தி இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அந்த நியாயம் அவருக்குக் கிடையாது. திருவல்லாவில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத சோதனையில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-ல் அறிவித்தார். சீல் வைத்த கவருக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைப் படிப்பது அவர் வைத்த சோதனைகளில் ஒன்று. 1978-ல் அவர் இறக்கும்வரை அந்தப் பணம் யாருக்கும் போகவில்லை. சக்தி என்று சொல்பவரிடம் காட்டு என்று கேட்க எல்லாருக்கும் உரிமை உண்டு.

அதே மாதிரி, பணம் நடுவில் வந்துவிட்டால் கதை வேறு. திருவிழாக் கூட்டத்தில் மூன்று சீட்டைக் கவிழ்த்துப் போட்டு "ராணி எங்கே" என்று பந்தயம் கட்டச் சொல்கிறவர்கள் உண்டு. சுற்றி நிற்பவர்களில் ஒருவர், சீட்டு ஆடுகிறவர் பார்க்காதபோது ராணியின் மூலையை மடித்து உங்களிடம் கண் காட்டுவார். மடித்த சீட்டில் பணத்தைக் கட்டுவீர்கள். அதற்குள் ஆடுகிறவரின் விரல் அந்த மடிப்பை நிமிர்த்தி, வேறு சீட்டின் மூலையை மடித்திருக்கும். கண் காட்டியவரும் அவர் ஆள்தான். அங்கே சீட்டைக் கையில் வாங்கிப் பார்க்கவும் விடமாட்டார்கள். என் ஷோவைப் பார்த்த பிள்ளைகளிடம் இதைத் தனியாகச் செய்து காட்டி, காசு கேட்டால் அந்த இடத்தில் நிற்காதே என்று சொல்லி அனுப்புகிறேன்.

பிள்ளைகள் கட்டைக் கேட்பது சந்தேகத்தால் இல்லை, ஆசையால். கையில் ஒன்று இருந்தால் போதும் அவர்களுக்கு. பெட்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், கலைக்கிற வேலையைக் கொடுங்கள்.

ஆனாலும் சில சமயம் பிடுங்கிவிடுவார்கள். வியாசர்பாடியில் ஒரு பிறந்தநாளில் பத்து வயதுப் பையன், "கட்டைக் கொஞ்சம் குடுண்ணா" என்று கேட்டுக்கொண்டே மேலிருந்த சீட்டை உருவிவிட்டான். இரண்டு பக்கமும் முதுகாக இருக்கும் சீட்டு அது. திருப்பினான். மறுபடி திருப்பினான். வாய் திறந்தது திறந்தபடியே என்னைப் பார்த்தான். பிடுங்கப் போயிருந்தால் முழுப் பந்தலும் பார்த்திருக்கும். நான் குனிந்து அவன் காதில் மட்டும், "இப்போ உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஷோ முடியற வரைக்கும் பத்திரமா வெச்சுக்கிறியா?" என்றேன். சட்டைப் பாக்கெட்டில் போட்டுக் கையால் மூடிக்கொண்டான். அந்த ஐட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

மீதி முக்கால் மணி நேரமும் அவன் அந்தக் கையை எடுக்கவில்லை. கைதட்டும்போதுகூட இன்னொரு கையால் தொடையில் தட்டினான். சாமான் கட்டும்போது வந்து நின்றான். "ண்ணா, யாராண்டையும் சொல்லல." சீட்டு வியர்வையில் நனைந்து இரண்டாக வளைந்திருந்தது. வாங்கிக்கொண்டு, சாதாக் கட்டில் இருந்து ஜோக்கரை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டான்.